ஒரு வில்லை சூடம்

திங்கட்கிழமை காலையில் நான் ஒரு பெரியவருக்குக் கண்ணீர் அஞ்சலி அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த மெயில் வந்தது. பாளையம்பட்டியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் ஆறு வருஷமாக டிசைனர் வேலை. டிசைனர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, இந்த நாலுக்குள் அருப்புக்கோட்டை வட்டாரத்து மனிதனின் மொத்த ஆயுளும் அடங்கிவிடும். நான் பி.ஏ. தமிழ் படித்த பலன், செத்தவர்களுக்கு ஒற்றுப்பிழை இல்லாமல் அஞ்சலி கிடைக்கிறது.

மெயில் பெங்களூரிலிருந்து வந்திருந்தது. ட்ரவேன் என்ற ஆன்லைன் விளையாட்டை நடத்தும் கம்பெனி. அதைத் தமிழில் கொண்டு வரப்போகிறார்களாம், உள்ளே வரும் கதைகளை எழுத ஆள் வேண்டுமாம். ஒஸ்மேரா என்ற இன்னொரு விளையாட்டின் கதைகளை நான் சும்மா ஆசைக்குத் தமிழில் எழுதிப் போட்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். ஒரே ஒரு பரீட்சை. ட்ரவேனில் ஒரு பாத்திரம் உருவாக்கிப் பத்தாம் நிலை வரை ஆட வேண்டும். அதற்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். பிறகு அந்தப் பாத்திரத்தின் எண்ணோடு ஒரு பக்கக் கதை எழுதி, ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும்.

எனக்கு எழுத மட்டும்தான் வரும். வேறு எதுவும் உருப்படியாக வராது. அந்த ஒன்றைக் கேட்டு ஒருவர் என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. மெயிலை ஏழு தடவை படித்தேன், அழுகை வந்தது. ஏனென்றால் நான் ட்ரவேனைத் தொட முடியாது. தொட மாட்டேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் இரண்டு ஆட்டங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

ஒஸ்மேரா பழையது, கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். அதில் நீங்கள் ஒரு பாத்திரமாகப் பிறந்து, ஓர் ஊரில் சேர்ந்து, உழைத்துச் சண்டை போட்டு மேலே வர வேண்டும். செத்தால் கையில் இருந்ததெல்லாம் போய்விடும். பக்கத்து ஊருக்குப் போக நிஜமாகவே நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும். வழியில் தண்ணீர் தீர்ந்தால் கிணறு தேட வேண்டும். இதில் என்ன சுகம் என்று வெளியூர்க்காரன் கேட்பான். திருச்சுழிப் பக்கம் பிறந்தவன் கேட்க மாட்டான்.

ட்ரவேன் புதுசு, செல்போனில் ஓடும். பறக்கிற குதிரை, மினுக்குகிற சட்டை, ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த ஊர். செத்தால் செத்த இடத்திலேயே எழுந்து தூசியைத் தட்டிக்கொள்ளலாம். நாங்கள் அதைப் பொம்மைக் கடை என்போம். அவர்கள் எங்களைக் கிழட்டு மாடு மேய்க்கிறவர்கள் என்பார்கள். எந்த ஆட்டம் சிறந்தது என்று எவனாவது ஒப்பிட்டு ஒரு வீடியோ போட்டால் போதும், கீழே இரண்டு கூட்டமும் ஒருவன் குடும்பத்தை ஒருவன் இழுத்து விடிய விடியத் திட்டிக்கொள்ளும். அந்தத் திட்டுகளில் பாதியை நல்ல தமிழில் எழுதியவன் நான்தான். ட்ரவேனை ஒரு தடவைகூட ஆடிப் பார்க்காமல்தான் அத்தனையும் எழுதினேன்.

ஒஸ்மேராவில் எங்கள் கூட்டத்துக்கு 'வானம் பார்த்தவர்கள்' என்று பெயர். மற்ற நாட்டுக்காரர்கள் கில்டு என்பதை நாங்கள் ஊர் என்போம். சுற்றி மதில், ஒரு கதவு, நடுவில் ஒரு கிணறு. நானும் பாலவனத்தம் நாகராஜும் சேர்ந்து கட்டியது. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், என் சோற்றுச் சட்டியில் பாதி தின்றவன், இப்போது மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். எங்களுக்குப் பிறகு முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்தார்கள். எல்லாம் நம் பக்கத்து ஆட்கள்தான். மல்லாங்கிணற்றில் மெடிக்கல் கடையில் நிற்கும் பிருந்தா, லோடு வண்டி ஓட்டும் சோணைமுத்து, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கும் நவீன், இப்படி.

இரண்டு வருஷத்துக்கு முன் ட்ரவேன் வந்தது. எங்கள் ஊரில் நடமாட்டம் குறைய ஆரம்பித்தது. எனக்குக் கோபம் வந்தது, கோபம் வந்தால் எனக்கு முன்னே பின்னே தெரியாது. நாகராஜைக் கூட்டிக்கொண்டு எங்கள் குலசாமி கருப்பனிடம் போனேன். சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையை வைத்து அணைத்து, அந்தக் கையை நாகராஜ் கையில் வைத்தேன். "அந்த ஆட்டத்தைத் தொட மாட்டேன். தொட்டவனோட பேச மாட்டேன். கருப்பன் அறிய."

நாகராஜும் பண்ணுவதாகத்தான் இருந்தான். ஆனால் நான் வாங்கிக்கொண்டு போனது ஒரே ஒரு வில்லை சூடம். அவன் சிரித்தான். "விடுலே. ஓன் சத்தியத்தை நான் கையில வாங்கிட்டேன்ல. ரெண்டு பேருக்கும் அது போதும்."

மற்றவர்களிடம் வீடியோ காலில் சத்தியம் வாங்கினேன். முப்பத்தேழு பேரும் ஆளுக்கொரு சூடம் கொளுத்தி, அணைத்து, கையைக் கேமராவுக்கு முன் நீட்டினார்கள். நவீன் மட்டும் மாட்டேன் என்றுவிட்டான். "எங்க சபையில சத்தியம் பண்ண மாட்டோம் ஜெகா. ஆட மாட்டேன்னா ஆட மாட்டேன், அம்புட்டுதான்." சர்ச்சுக்குப் போகிற வேதக்காரனிடம் போய்ச் சூடத்தைப் பற்றிப் பேச முடியுமா, சரி என்று விட்டேன்.

எட்டு மாதம் போனது. நாகராஜ் ஒருநாள் தானாகவே வந்து சொன்னான், ட்ரவேன் ஆடுகிறேன் என்று. அவனுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் செல்லில் ஆடலாம். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் நடக்க அவனுக்கு எங்கே நேரம்?

நான் ஒஸ்மேராவில் எங்கள் ஊர்க் கிணற்றடியில் எல்லாரையும் கூட்டினேன். நாகராஜ் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "நான் சத்தியம் பண்ணலையேலே."

"சூடம் இருந்திருந்தா பண்ணியிருப்பேல்ல" என்றேன்.

என் வாழ்க்கையில் இதைவிட மட்டமாக நான் வாதாடியதில்லை. முப்பத்தெட்டுப் பேரும் வாயைத் திறக்கவில்லை. அவனை ஊரைவிட்டுத் தள்ளி வைத்தேன். நிஜ ஊர்க் கட்டுப்பாடு மாதிரியே, தள்ளி வைத்தவன் கையில் ஊர்க்காரன் எதையும் வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். யாராவது இரக்கப்பட்டு அவனை உள்ளே விட்டுவிடுவார்கள் என்று பயந்து, அவனை மறுபடி சேர்க்க முப்பது பேர் சம்மதம் வேண்டும் என்று ஆட்டத்தின் அமைப்பில் மாற்றினேன். அந்த எண்ணைக் குறைப்பதற்கும் முப்பது பேர் வேண்டும் என்று பூட்டினேன். அன்றைக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

அடுத்த மாதம் சோணைமுத்து பந்தல்குடி வளைவில் பைக்கோடு விழுந்து காலை முறித்துக்கொண்டான். அவன் செல்லில் ட்ரவேன் டவுன்லோடு ஆகியிருந்ததாம், இன்னும் திறக்கவில்லையாம். நான் அவன் எக்ஸ்ரேயைக் குரூப்பில் போட்டு, "கருப்பன் கண்ணை மூடலை" என்று எழுதினேன். எல்லாரும் கும்பிடுகிற பொம்மை போட்டார்கள். மற்றவர்களைப் பயமுறுத்தப் போட்டதுதான். ஆனால் அந்தப் பயம் என்னையும் பிடித்துக்கொண்டது. நான் தினமும் வேலைக்குப் போவது அந்த வளைவு வழியாகத்தான்.

ஆக, திங்கட்கிழமை சாயங்காலம் ட்ரவேனை டவுன்லோடு செய்யும் பொத்தானுக்கு மேலே கட்டை விரலை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இருந்தேன். விரல் இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை நவீனைப் பிடித்தேன். நீ ஆடி எனக்கு அந்த எண்ணை மட்டும் கொடு என்றேன்.

"நான் ஆடிட்டு நீ ஆடுனதாச் சொல்றதா?" என்று கேட்டான்.

"ஆமா."

"அது பொய்யில்லையா ஜெகா?"

பொய் சொல்லாத சிநேகிதனால் ஒரு காசுக்குப் பிரயோசனமில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சத்தியத்தைக் கழற்ற எங்கள் பக்கம் ஒரே வழிதான் உண்டு. யார் கையில் பண்ணினோமோ அவர் திருநீறு பூசி, "ஓன் சத்தியத்தைத் திருப்பித் தந்துட்டேன்" என்று கையில் கை வைத்துச் சொல்ல வேண்டும். நேரில் முடியாவிட்டால் வாயால் சொன்னாலும் செல்லும். முப்பத்தேழு பேர் சத்தியம் என்னிடம் இருந்தது. என் சத்தியம் நாகராஜிடம் இருந்தது. அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டு நான் மட்டும் கழற்றிக்கொண்டு ஓடினால் காறித் துப்புவார்கள். அதனால் முதலில் அவர்களை விடுவிப்பது, பிறகு நாகராஜிடம் போவது என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கிணற்றடியில் கூட்டம் போட்டேன். நான் மைக்கில் பேசுவதை எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உருக்கமாக ஒன்று எழுதி வைத்திருந்தேன், அஞ்சலி எழுதிப் பழகிய கை அல்லவா. உங்கள் சத்தியத்தை எல்லாம் திருப்பித் தருகிறேன், யாரும் அழ வேண்டாம் என்று முடித்தேன்.

யாரும் அழவில்லை. சோணைமுத்து சிரிக்கிற சத்தம்தான் கேட்டது. பிறகு பிருந்தா பேசினாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்கிடாதீக. நாங்க எல்லாருமே ஒரு வருசமா அங்கதான் இருக்கோம். இங்க வாரது ஒங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்."

"அப்ப சூடம்?" என்றேன்.

"நான் வாயால ஊதித்தாண்ணே அணைச்சேன். கேமராவுல தெரியாது."

"ஏலே, ஏங் காலு முறிஞ்சது நாயி குறுக்க வந்ததால" என்றான் சோணைமுத்து. "நீ போட்ட எக்ஸ்ரேயப் பாத்து எங்க ஆத்தா ஒரு மாசம் சாமி ஆடுச்சு."

"அங்கயும் நம்ம ஊரு இருக்குண்ணே, இதே பேருலதான்" என்றாள் பிருந்தா. "நாகராஜ் அண்ணந்தான் தலைவரு. நாங்க எல்லாரும் அவுககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டோம். நீங்களும் வாங்கண்ணே."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அப்படியே மூடிக்கொண்டேன். தொட்டவனோடு பேச மாட்டேன் என்பதும் என் சத்தியத்தில் இருந்தது. இத்தனை நாள் தெரியாமல் பேசிவிட்டேன், அதைக் கருப்பன் மன்னிப்பான். இப்போது தெரிந்துவிட்டதே. "அண்ணே? லைன்ல இருக்கீகளா?" என்று பிருந்தா இரண்டு தடவை கேட்டாள். நெட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். திரையில் ஒவ்வொரு பெயராக 'ஊரைவிட்டு விலகினார்' என்று வந்துகொண்டே இருந்தது. எட்டு மணிக்கு ஊரில் நானும் நவீனும் மிஞ்சினோம். உலகத்தில் நான் பேசக்கூடிய ஒரே ஒஸ்மேராக்காரன் நவீன்தான்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட நாகராஜை நினைத்துத்தான் நெஞ்சு வலித்தது. பொய் சொன்ன முப்பத்தேழு பேரையும் ஊருக்குள் வைத்துக்கொண்டு, உண்மை சொன்ன ஒருத்தனை, அதுவும் சத்தியமே பண்ணாதவனை, வெளியே தள்ளியிருக்கிறேன்.

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. நீயும் ஆடேன்" என்றான் நவீன்.

அவர்கள் ஊதி அணைத்தார்கள், நான் உள்ளங்கையால் அணைத்தேன். அதுகூடப் பெரிதில்லை. கருப்பனிடமாவது ஒரு கிடா வெட்டிச் சமாதானம் பேசிக்கொள்ளலாம். என் சத்தியத்தை வாங்கிய கை நாகராஜ் கை. அந்தக் கைக்கு இன்னொரு தடவை துரோகம் பண்ண என்னால் முடியாது.

வியாழக்கிழமை சாயங்காலம் நவீனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாலவனத்தம் போனேன். நாகராஜ் ஒரு போர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். எங்களை நிமிர்ந்து பார்த்தான்.

"வா நவீனு. கூட வந்தவுகளை உக்காரச் சொல்லு" என்றான்.

ஏலே என்று கூப்பிட்டவனுக்கு நான் இப்போது 'வந்தவுக'. நேராகப் பேசவும் முடியாது. எங்கள் பக்கம் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளில் சுவரைப் பார்த்துப் பேசுவார்கள், அந்த மாதிரி நான் நவீனைப் பார்த்துப் பேசினேன். "நவீனு, நான் சத்தியத்தைத் திருப்பி வாங்க வந்திருக்கேன்னு சொல்லு."

நவீன் வேலை விஷயத்தைச் சொன்னான். கம்பி சுற்றிய கை நின்றது. "நல்ல வேலைதான்" என்றான் நாகராஜ். "அவுகளுக்கு எழுத வரும்."

நவீனுக்குப் போன் வந்தது, வெளியே போய்விட்டான். கடையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு மோட்டாரும்தான். நவீன் வருகிறானா என்று வாசலைப் பார்த்தேன். பிறகு வெட்கத்தை விட்டு மோட்டாரிடம் சொன்னேன். "மோட்டாரே, நான் பண்ணுனது தப்பு."

நாகராஜ் மறுபடி கம்பியைச் சுற்ற ஆரம்பித்தான். அவனும் மோட்டாரைப் பார்த்துத்தான் பேசினான். "மோட்டாரே, அன்னைக்கு நான் பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் அம்புட்டையும் கேட்டேன். ஒரு வார்த்தை எனக்காகப் பேச ஆளில்ல. இருக்கட்டும். சத்தியத்தைத் திருப்பித் தர எனக்கு மனசு இருக்கு. ஆனா தள்ளி வச்சவன் கையில ஊர்க்காரன் எதையும் வாங்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? மொதல்ல என்னைய உள்ள சேக்கட்டும். அதே கெணத்தடியில நிக்க வைக்கட்டும். அடுத்த நிமிசம் தந்துர்றேன்."

நியாயமான பேச்சு. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். சரி என்று மோட்டாரிடம் சொல்லிவிட்டு வந்தேன். பைக்கை எடுத்த பிறகுதான் எனக்கு முப்பது என்ற எண் ஞாபகம் வந்தது. முதல் நாள்தான் முப்பத்தேழு பேருக்கும் சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்து வழியனுப்பியிருந்தேன்.

வெள்ளியும் சனியும் நவீன் எல்லாருக்கும் போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமை பகல் ரெண்டு மணிக்கு ஒரே ஒரு தடவை ஒஸ்மேராவுக்கு வந்து, மறுபடி ஊரில் சேர்ந்து, ஒரு சம்மதம் போட்டுவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினான். ஒருவன் கம்ப்யூட்டரை விற்றுவிட்டானாம். ஒருவனுக்குப் பாஸ்வேர்டு மறந்துபோயிற்றாம். ஞாயிறு மதியம் ட்ரவேனில் வருஷத்துக்கு ஒரு தடவை வரும் டிராகன் சண்டை இருக்கிறதாம், அதை விட முடியாதாம். பிருந்தா நல்ல மனசோடுதான் சொன்னாள். "அண்ணனை இங்க வரச் சொல்லுங்க சார். இங்கயும் ஒரு கெணறு வெட்டியிருக்கோம். எல்லாரும் சுத்தி நிக்கிறோம், நாகராஜ் அண்ணன் அங்கனயே குடுத்துரட்டும்." அங்கே காலெடுத்து வைக்கத்தானே இத்தனை பாடு.

அந்த இரண்டு நாளில் கதையை எழுதி முடித்துவிட்டேன். தண்ணீர் இல்லாத ஊருக்குக் கிணறு தேடிப் போகிறவளைப் பற்றி ஒரு பக்கம். நான் எழுதியதிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது. பாத்திரத்தின் எண் வர வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கே வீட்டில் கம்ப்யூட்டரைப் போட்டு, நடந்து, கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தேன். ரெண்டு மணிக்கு நவீன் வந்தான். ரெண்டு பத்துக்குக் கதவுக்கு வெளியே ஒருவன் வந்து நின்றான். பழைய ஒட்டுப்போட்ட சட்டை, தோளில் தண்ணீர்க் குடுவை. நாகராஜ். ஒன்றேகால் வருஷமாக உள்ளே வராதவன், சொன்ன சொல்லுக்காகக் கடைக் கம்ப்யூட்டரில் ஒஸ்மேராவை ஏற்றி, நாற்பது நிமிஷம் நடந்து வந்திருக்கிறான்.

நானும் நவீனும் சம்மதம் போட்டோம். திரையில் 'முப்பதுக்கு இரண்டு' என்று வந்தது. அடுத்த பெயர் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று மணிக்குள் கதவு திறந்தால்தான் ஆறு மணிக்குள் ஆடி முடிக்க முடியும். ரெண்டரை ஆனது. ரெண்டே முக்கால் ஆனது. அழைப்பு எல்லாருக்கும் போயிருந்தது, யாரும் வரவில்லை. மூன்று மணி அடித்தது. அதற்குப் பிறகு அவசரம் ஒன்றுமில்லை.

நாலு மணிக்கு நவீன் சர்ச்சுக்குப் போக வேண்டும். "கர்த்தர் வேற வழி வைப்பார் ஜெகா" என்று சொல்லிவிட்டுப் போனான். நாகராஜ் போகவில்லை, வெளியே நின்றுகொண்டுதான் இருந்தான். நான் கிணற்றைப் பார்த்து நின்றுகொண்டு எழுதினேன்.

"கெணறே, நாகராஜ் மேல ஒரு தப்பும் இல்ல. ஒரே ஒரு சூடம் வாங்கிட்டுப் போனது நான். பொய் சொன்னவுகளை உள்ள வச்சுக்கிட்டு உண்மை சொன்னவனை வெளிய தள்ளுனது நான். அன்னைக்குச் சொல்ல வேண்டியதை இன்னைக்குச் சொல்றேன், கேக்கத்தான் ஆளில்ல."

அவன் பதில் எழுத நேரமானது. ஒற்றைக் கையால் எழுதுகிறான் என்று எனக்குப் புரிந்தது.

"கதவே, எனக்குக் கேட்டுச்சு. பிள்ளை அழுகுது. வாரேன்."

அவன் திரும்பி, வந்த வழியே நடந்தான். கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கதவுக்குப் போய், என்னவோ நினைப்பில், அவன் பெயருக்கு நேரே திற என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். ஊரார் முப்பது பேர் சம்மதம் தேவை என்று வந்தது. உள்ளே நான் ஒருத்தன்தான் இருந்தேன். பூட்டியதும் நான்தான்.